பின்னட்டையில் பூங்கொடி

தேர் கிளம்புவதற்கு முன்பே ஜெயக்குமாருக்கும் அவர் மகளுக்கும் மனத்தாங்கல் வந்துவிட்டது.

தேரடிக்கு எதிரே பிளாஸ்டிக் மேசையைப் போட்டுக் கீர்த்தனா புத்தகக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அளவு பாட்டுப் புத்தகம். முன்னட்டையில் பெருமாள். ஜெயக்குமார் ஒன்றை எடுத்துத் திருப்பினார். பின்னட்டையில் பூங்கொடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படம் வாணாம்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னப்பா."

"அப்புறம் இன்னாத்துக்குப் போட்ட?"

"அம்மா பாடுன பாட்டுப்பா. அம்மா இல்லாம எப்டிப் போடறது?"

"கூட்டத்துல குடுக்கறது. ஒருத்தன் வாங்கினு போவான், ஒருத்தன் கீழ போட்டுட்டுப் போவான். நாலு பேரு மிதிப்பான். அத நான் பாத்துகினு நிக்கணுமா?"

கீர்த்தனா அடுத்த கட்டின் சணலை அறுத்தாள்.

பூங்கொடி ஜெயக்குமாரின் மனைவி. போன வருஷம் மாசியில், வயிற்றில் வந்த கட்டியால் இறந்துபோனாள். தலைத்திவசம் கழிந்து வருகிற முதல் தேர் இது. போன சித்திரையில் தேர் ஓடியபோது அப்பாவும் மகளும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து மேற்கே உள்ளே தள்ளி இருக்கிற அந்தச் சின்ன ஊரில், பெருமாள் கோயில் சனிக்கிழமை பஜனை என்றால் பூங்கொடிதான். பாட்டு வாத்தியாரிடம் படித்தவளில்லை. காதில் விழுந்ததை மனதில் பிடித்துவைத்துப் பாடுவாள். அவள் எடுத்துக்கொடுத்தால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

ஜெயக்குமார் செங்கல்பட்டிலிருந்து நாவலூருக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறவர். கீர்த்தனாவுக்கும் நாவலூரில்தான் வேலை. அம்மா இருந்தவரைக்கும் அப்பாவின் வேனிலேயே போய் வந்துகொண்டிருந்தாள். அம்மா போன பிறகு, ஷிப்ட் சரிப்படவில்லை என்று சொல்லி அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். தினமும் நாவலூருக்குப் போகிறவர், மகளை வாரத்துக்கு ஒருமுறைதான் பார்த்தார். பார்க்கும்போதும் சாப்பாடு, கரண்ட் பில், சித்தப்பா வீட்டுக் கல்யாணம் என்று பேசுவார்களே தவிர, பூங்கொடியைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. அவர் திறக்கமாட்டார். அதனால் அவளும் விட்டுவிட்டாள். புத்தகம் போடப்போகிறேன் என்று அவள் சொன்னபோதுகூட, "உன் இஷ்டம், படம் மட்டும் வாணாம்" என்றதோடு எழுந்து போய்விட்டார்.

வெயில் ஏறியது. வடம் பிடிக்கிறவர்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஜெயக்குமார் ஒரு கை நிறையப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு மாடவீதி முனையில் போய் நின்றார். யாரையும் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. வருகிறவர்கள் முன்னால் புத்தகத்தை நீட்டினார். விற்கிற ஆள் என்று நினைத்து அவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர், "நம்மகிட்ட நெறைய கீதுப்பா" என்றார். படத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தபடியே ஜெயக்குமார் நீட்டிக்கொண்டிருந்தார்.

கீர்த்தனா தூரத்திலிருந்து பார்த்தாள். தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினாள்.

"அம்மா, வாங்கிக்கோங்க. சும்மாதான், காசு இல்ல. அண்ணே, வீட்ல அக்காவுக்குக் குடுங்க. எழுத்து பெருசா போட்டுக்கீது, கண்ணாடி வாணாம்."

அவள் குரலுக்கு ஆட்கள் நின்றார்கள். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சும்மாதான் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஜெயக்குமாரைச் சுற்றியும் கைகள் நீண்டன. கொஞ்ச நேரத்தில் அவர் கை காலியானது.

அதற்குப் பிறகுதான் அவர் வீதியை நிமிர்ந்து பார்த்தார்.

அன்று காற்றே இல்லை. கடற்காற்று அந்த ஊரை எட்டுவதற்கு மதியம் ஆகும். பந்தலுக்குக் கீழும் கடை வாசல்களிலும் நின்றவர்கள் எல்லாரும் அந்தப் புத்தகத்தால்தான் விசிறிக்கொண்டிருந்தார்கள். பின்னட்டை வெளிப்பக்கம். வீதியின் இரு ஓரத்திலும் பூங்கொடியின் முகம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்குச் சுருக்கென்றது. பாட்டுப் புத்தகத்தை இப்படியா பிடிப்பது என்று ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்ல அடியெடுத்து வைத்தார். அந்தப் பெண் தனக்கு விசிறிக்கொள்ளவில்லை. மடியில் தூங்குகிற குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவர் நின்றுவிட்டார்.

அப்போது வேட்டுச் சத்தம் கேட்டது. "கோவிந்தா!" என்று ஊரே கத்தியது. தேர் நிலையைவிட்டு அசைந்தது.

வடம் நீண்டு, மனிதர்கள் முன்னால் சாய்ந்து, தேர் ஆடி ஆடி மாடவீதிக்குள் வந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு ஆட்கள் குனிந்தபடியே நடந்தார்கள். கூட்டம் ஓரத்துக்கு ஒதுங்கியது. ஒதுங்கிய வேகத்தில் யார் கையிலிருந்தோ ஒரு புத்தகம் நழுவி, வீதி நடுவில் பின்னட்டை மேலே தெரியக் கிடந்தது. வலப்பக்கச் சக்கரம் நேராக அதை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஜெயக்குமார் யோசிக்கவில்லை. கயிற்றுத் தடுப்புக்கு அடியில் புகுந்து ஓடினார்.

சட்டைக் காலரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். பெண் போலீஸ் ஒருத்தி.

"யோவ், அறிவு கீதா உனக்கு? சக்கரத்துல தலைய குடுக்கப் போறியா?"

"வுடும்மா! என் பொண்டாட்டி கீழ கெடக்குறா!"

அந்த போலீஸ்காரியின் முகம் வெளுத்தது. வாயில் விசிலை வைத்து நெஞ்சு மூச்சையெல்லாம் கூட்டி ஊதினாள். "நிறுத்து! நிறுத்து! பொம்பள ஆளு வுழுந்துட்டாங்க! கட்டையப் போடு!"

முட்டுக்கட்டைகள் அடுத்தடுத்து விழுந்தன. தேர் ஒருமுறை முனகி, உச்சியில் கலசம் குலுங்க நின்றது. வடத்தை விட்டுவிட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேளம் நின்றது. அந்த போலீஸ்காரி முழங்காலை ஊன்றிச் சக்கரத்துக்கு அடியில் குனிந்து தேடினாள். எந்தப் பெண்ணும் இல்லை. சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் ஒரு சின்னப் புத்தகம்தான் கிடந்தது.

"எங்கய்யா உன் பொண்டாட்டி?"

ஜெயக்குமார் புத்தகத்தைக் காட்டினார்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். படத்துக்குக் கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் அச்சாகியிருந்தன.

"இன்னா மேடம், யாருக்கு இன்னா ஆச்சு?" என்று வடம் பிடித்தவர்களில் ஒருவர் கேட்டார். "புக்குக்கா தேர நிறுத்துனீங்க?" என்று இன்னொரு குரல் வந்தது.

அவள் எழுந்து நின்றாள். புத்தகத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் காக்கிச் சட்டையின் கையில் துடைத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"இவரு சம்சாரம்தான் கீழ இருந்தாங்க. தூக்கியாச்சு. ஒண்ணும் ஆவல. இழுங்க."

யாரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. யாரோ "கோவிந்தா!" என்று ஆரம்பித்தார்கள். மேளம் மறுபடி எழுந்தது.

அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஒரு மூடிய கடையின் படியில் உட்காரவைத்தாள். மோர்ப் பந்தலிலிருந்து ஒரு டம்ளர் வாங்கி வந்து கொடுத்தாள். அப்போதுதான் ஜெயக்குமார் அவள் சட்டையிலிருந்த பெயரைப் படித்தார். ரெஜினா.

"இனிமே இப்டி ஓடாதீங்க சார். ஒரு செகண்டு. எனக்கே கை கால் ஓடல."

"தப்புதாம்மா."

"அவங்க பேரு இன்னா?"

அந்தப் பெயரைச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. "பூங்கொடி," என்றார். சொன்னதும் கண் நிறைந்தது.

ரெஜினா புத்தகத்தை நீட்டினாள். அவர் வாங்கும்முன் என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள். "இத நானே வச்சிக்கட்டுமா? நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, இந்தப் பாட்டெல்லாம் தெரியாது. ஆனா கீழ வுட மாட்டேன்."

அவர் தலையசைத்தார். அவள் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள்.

சக்கரத்தில் ஆள் விழுந்துவிட்டது, அப்பாவாம் என்று யாரோ சொல்லிக் கீர்த்தனா ஓடி வந்தாள். செருப்பு எங்கேயோ கழன்றுபோயிருந்தது. அவரை முழுதாகப் பார்த்ததும் அவள் முதலில் செய்தது, அவர் தோளில் ஓங்கி ஓர் அடி.

"இன்னாப்பா பண்ற நீ? ஒரு புக்குக்காக? நீயும் பூட்டா நான் எங்கப்பா போவேன்?"

அடித்த கையாலேயே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவின் காரியத்தன்று அழாமல் உறவினர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே நடமாடிய பெண், கடை வாசல் படியில் ஊர் பார்க்க அழுதாள். அவர் அவள் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"அவ முகத்து மேல சக்கரம் ஏறப் போச்சும்மா. எனக்குத் தாங்கல."

"படம் போட்டது என் தப்பு."

"இல்ல," என்றார். "இல்லம்மா. இத்தினி பாட்டும் எங்கேந்து எடுத்த நீ? அவ எழுதி வக்கிற ஆளு இல்லியே."

கீர்த்தனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன்லேர்ந்துதான். பஜனை ஆளுங்க வாட்ஸப்ல, எல்லாருக்கும் பாட்டு வரணும்னு அம்மா பாடிப் பாடி அனுப்பும். எல்லாம் அதுல அப்டியே கீது. வேல முடிஞ்சி ஹாஸ்டலுக்குப் போயி, கேட்டுக் கேட்டு டைப் பண்ணேன். வீட்ல இருந்தா உனக்குக் காதுல வுழும், நீ கஷ்டப்படுவேன்னுதான்…"

ஷிப்ட் சரிப்படவில்லை என்று அவள் சொன்னதை ஒருநாளும் அவர் திருப்பிக் கேட்டதில்லை.

"ஒண்ணு போடு, கேக்கலாம்."

"இப்பவா?"

"போடும்மா."

அவள் போனை அவர் காதோரம் பிடித்தாள். மேளச் சத்தத்துக்கு நடுவே பூங்கொடியின் குரல் வந்தது. கொஞ்சம் மூக்கடைத்த குரல், ஏதோ ஒரு மார்கழியில் பாடியது போலிருந்தது. இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடியின் பாதியில் பாட்டை நிறுத்தாமலே, அதே ராகத்தின் வாலில், "ஏங்க, பால் பொங்குது, அணைங்க!" என்றாள். பின்னால் எங்கிருந்தோ ஓர் ஆண் குரல்: "அணைச்சிட்டேன், நீ பாடு."

அது தன்னுடைய குரல் என்று ஜெயக்குமாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் காலையும் நினைவில்லை, அந்தப் பாலும் நினைவில்லை. "நீ பாடு" என்று சொல்லியிருக்கிறார். அவள் பாடியிருக்கிறாள். அவர் சிரித்தார், சிரித்தபடியே துண்டால் கண்ணை அழுத்திக்கொண்டார்.

"மறுபடி ஒருவாட்டி," என்றார்.

அவள் மறுபடி போட்டாள். இந்தத் தடவை பால் பொங்குகிற இடத்துக்கு முன்பே இருவரும் சிரித்துவிட்டார்கள்.

தேர் வடக்கு வீதிக்குத் திரும்பும்போது பஜனைக் கூட்டம் அதன் பின்னால் தாளம் தட்டிக்கொண்டு வந்தது. பெண்கள் எல்லார் கையிலும் புத்தகம் விரிந்திருந்தது. ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள், மூன்றாம் அடியில் ஆளுக்கொரு பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் நடந்த பாப்பா அக்கா கீர்த்தனாவைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கையாட்டினாள்.

"ஏ கீர்த்தனா, உங்கம்மா இத எப்டி இழுக்கும்? வந்து எடுத்துக் குடேன்!"

கீர்த்தனா அப்பாவைப் பார்த்தாள்.

"போ," என்றார் ஜெயக்குமார். அவள் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "செருப்பு அப்புறம் தேடிக்கலாம். போ."

அவள் வெறுங்காலோடு சுடுகிற தாரில் குதித்துக் குதித்து ஓடிக் கூட்டத்தில் சேர்ந்தாள். முதலில் குரல் தடுமாறியது. பிறகு பிடிபட்டது. மற்றவர்கள் அவள் குரலைத் தொட்டுக்கொண்டு மேலேறினார்கள்.

ஜெயக்குமார் பின்னாலேயே நடந்தார். தயக்கமில்லாமல் கை பைக்குள் போய் வந்தது. வாசல்படியில் நின்ற ஓர் அம்மாள் அவர் நீட்டியதை வாங்கவில்லை, தள்ளி நின்றபடியே கேட்டாள்: "இன்னா புக்குப்பா அது?"

"பாட்டுப் புக்கும்மா. என் சம்சாரம் பூங்கொடி பாடுனது. வச்சிக்கினு வூட்ல பாடுங்க." கொஞ்சம் யோசித்து, தேர்ப் பக்கம் கையைக் காட்டினார். "ராகம் தெரிலன்னா, தோ பாருங்க, செருப்பு இல்லாம ஓடுதே, அது என் பொண்ணு. அதக் கேளுங்க, சொல்லும்."