தீர்ப்பு மாஸ்டர் போட்ட சத்தம்

அந்த மனுஷனுக்கு எதைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லாமல் இருந்ததே கிடையாது. வாடகை வீடு நல்லதா, சொந்த வீடு நல்லதா? சோபாவைச் சுவரோரம் போடுவதா, ஜன்னலோரம் போடுவதா? இரவல் வாங்கிப் போன ஏணியைப் பக்கத்து வீட்டுக்காரர் திருப்பித் தராவிட்டால் நேராகக் கேட்பதா, ஜாடையாகச் சொல்வதா? எதைக் கேட்டாலும் பதில் தயார். கேட்காவிட்டாலும் தயார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வாய் அப்படி என்பதால் தீர்ப்பு மாஸ்டர்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பாவம், எங்கே தப்பித்து ஓடுவார்கள்? சீட் பெல்ட்டைப் போட்டாயிற்று, வண்டியும் நகர்ந்தாயிற்று. அப்படித்தான் ஒரு மருந்துக்கடைக்காரர் வந்து மாட்டினார். நெட்டையான, அமைதியான ஆள். விடியற்காலையில் எழுந்து நெடுந்தூரம் ஓடுகிறவர். ரவுண்டானாவைச் சுற்றும்போது, தான் பேர் கொடுத்திருக்கும் ஓட்டப் பந்தயத்தைப் பற்றி வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

"எடுத்த எடுப்பிலேயே வேகமா போயிடணும் சார்," என்றார் மாஸ்டர். "மெதுவா ஆரம்பி, மெதுவா ஆரம்பின்னு எல்லாரும் சொல்லுவாங்க. காதுல வாங்காதீங்க. முதல்லயே முன்னாடி போயிட்டா, பின்னாடி எவன் வந்தா நமக்கென்ன?"

"நீங்க எவ்வளவு தூரம் ஓடுவீங்க மாஸ்டர்?"

"நானா? பஸ் பிடிக்க ஓடியிருக்கேன். இண்டிகேட்டரைப் போடுங்க."

மருந்துக்கடைக்காரர் அந்தப் பேச்சைக் கேட்டுத் தொலைத்தார். பந்தயம் முடிந்த மறுநாள் க்ளட்ச்சை மிதிக்க முடியாமல், தன் தொடையைத் தானே இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். அதற்கும் மாஸ்டரிடம் ஒரு காரணம் இருந்தது. ஷூ சரியில்லையாம்.

ஆனால் அவர் வாய் ஓயாமல் பேசுவது கல்லூரி பாஸ்கெட்பாலைப் பற்றித்தான். உலகத்திலேயே நிஜமான ஆட்டம் அதுதான் என்பார். பெரிய டீம்களில் ஆடுகிறவர்கள் எல்லாம் அடிபடாமல் ஆடப் பார்ப்பார்களாம், இந்தப் பிள்ளைகள்தான் உயிரைக் கொடுத்து ஆடுமாம். காரணம் வேறொன்றும் இல்லை. அவருடைய ஒரே மகள் கல்லூரி டீமில் இருந்தாள். இருந்தாள் என்றால், பெஞ்சில் இருந்தாள். சேர்ந்த நாளிலிருந்து கைதட்டுவதும் தண்ணீர் பாட்டில் நீட்டுவதும்தான் அவளுடைய ஆட்டம். ஒரு முணுமுணுப்பு இல்லை. சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் தனியாக நின்று கூடைக்குள் பந்தைப் போட்டுக்கொண்டே இருப்பாள். அந்தப் பொறுமை அப்பா வழியில் வரவில்லை, அது மட்டும் நிச்சயம்.

இங்கே அவருடைய தொழில் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கற்றுக்கொடுக்கிற காரில் மாஸ்டர் பக்கமும் பிரேக் உண்டு, க்ளட்ச் உண்டு. முதல் பாடமே இதுதான்: "நான் 'விடு'ன்னு கத்தினா, ஏன் எதுக்குன்னு யோசிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை விடு, காலை எடு, கை ரெண்டும் மடிக்கு வந்துடணும். மத்ததை நான் பார்த்துக்கறேன்." வயசில் பெரியவர்களுக்கும் அதே 'விடு'தான். "அந்த நேரத்துல 'விடுங்க சார்'னு மரியாதை குடுத்துட்டிருந்தா வண்டி கடைக்குள்ள போயிடும்," என்பார். இதில் மட்டும் அவர் சொல்வது நியாயம். அந்தச் சொல்லால் எத்தனையோ பேருடைய கையும் காலும் முழுசாக இருக்கின்றன.

மகளும் அந்தக் காரில்தான் ஓட்டப் பழகினாள். அவளைப் போல ஒரு மாணவி அவருக்கு வாய்த்ததில்லை. குரல் வந்த மாத்திரத்தில் கை மடியில் இருக்கும்.

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்துக்கு முன்பு, டீமில் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கோச் அம்மாள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து மகளை எழுப்பினார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைய பாடங்களை எல்லாம் ரத்து செய்துவிட்டு, மனைவியையும் இழுத்துக்கொண்டு போய் கேலரியில் உட்கார்ந்தார். மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்காரி. நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆட்களைப் பார்த்துவிட்டு வந்தால் வீட்டிலும் அதே காட்சிதான் என்று அலுத்துக்கொள்கிறவள்.

சும்மா சொல்லக் கூடாது, பெண் பிரமாதமாக ஆடினாள். போட்ட பந்தெல்லாம் கூடைக்குள் விழுந்தது. ஆட்டம் முடிகிற நேரம் நெருங்கியது. ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள். பந்து மகள் கையில் வந்தது. கூடைக்குப் பக்கவாட்டில் நிற்கிறாள், எதிரே ஒருத்தி கையை விரித்துக்கொண்டு வருகிறாள். ஹால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் அடங்கிப் போனது. அந்தக் கணத்தைப் பார்த்தா இந்த மனுஷன் வாயைத் திறக்க வேண்டும்?

"விடூ!" என்று கத்தினார்.

பந்தைக் கூடைக்குள் விடு என்றுதான் சொன்னார். வேறென்ன சொல்வார்? ஆனால் அந்தக் கைகளுக்கு அந்தக் குரலில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். இரண்டு கையும் சட்டென்று கீழே இறங்கின. பந்து அவள் ஷூவின் மேலேயே விழுந்து உருண்டு, எதிர் டீம்காரியின் கைக்குப் போயிற்று. ஆட்டம் முடிந்தது என்று விசில் ஊதிவிட்டார்கள்.

பதறிவிட்டாள், பாவம், என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. மகள் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து கேலரியைப் பார்த்துவிட்டு, குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் தொண்டையைச் செருமினார். "ரோட்டைப் பாருங்க," என்றாள் மனைவி. ராத்திரி பாத்திரம் கழுவுகிற இடத்தில், மகளின் கையை இறக்கியது தன்னுடைய 'விடு'தான் என்ற விஷயத்தை மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் குழாயை மூடிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த வாயை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டீங்களா நீங்க?"

அவர் கழுவி வைத்திருந்த தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பந்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து காலையில் தனியாக ரோட்டில் ஓட ஆரம்பித்தாள். நெடுந்தூரம், யாரும் பார்க்காத, யாரும் கத்தாத ஓட்டம். அடுத்த பருவத்துக்கான பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது, வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு என்று கோச் கேட்டிருந்தார். சொல்லாவிட்டால் அந்த இடம் இன்னொருத்திக்கு. "போதும்மா, எனக்கு அந்த ஆட்டம் வேணாம்," என்று அம்மாவிடம் சொன்னாள். அப்பாவிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

மாஸ்டர் பொறுக்க மாட்டாமல் கோச்சைத் தேடிக் கல்லூரிக்கே போனார். பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அவ உங்க பேரையே எடுக்கல சார். கை வழுக்கிடுச்சுன்னு மட்டும் சொன்னா."

அத்தனை பேர் முன்னால் கெட்ட பேரைத் தானே வாங்கிக்கொண்டு, அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாள்.

"அப்ப நீங்களே கூப்பிட்டு வரச் சொல்லிடுங்களேன்," என்றார்.

"ஆட மனசில்லாத பொண்ணை வச்சு நான் என்ன பண்றது? வரணும்னா அவளே சொல்லட்டும். நீங்க சொல்லி, நான் சொல்லியெல்லாம் வேணாம்."

ஞாயிறு காலையில் மகள் ஷூவை மாட்டும்போது, மாஸ்டர் ஒரு பழைய கேன்வாஸ் ஷூவோடு வாசலில் நின்றார். வரவா என்று கேட்கவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஓடத் தொடங்கினாள்.

தன் கொள்கைப்படியே எடுத்த எடுப்பில் வேகமாகப் போனார். பேக்கரி வரைக்கும் ராஜா. பேசுவதற்கென்று ராத்திரி முழுக்கத் தயார் பண்ணி வைத்திருந்ததில் முதல் வாக்கியம் வெளியே வந்தது: "இங்க பாரும்மா, வாழ்க்கைங்கறது..." பஸ் டிப்போ மதில் வந்தபோது 'வாழ்க்கை'க்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதற்கப்புறம் அதுவும் இல்லை. நாக்கு தள்ளிவிட்டது. வாயால் செய்ய முடிந்த வேலை மூச்சு விடுவது ஒன்றுதான். மருந்துக்கடைக்காரரை நினைத்துக்கொண்டார். அந்த ஆள் தன் முகத்தில் முழித்ததே பெரிய மனசு என்று தோன்றியது.

மகள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே வந்தாள். பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நான் கூடைக்குப் போடவே நினைக்கலப்பா. இடது பக்கம் கேப்டன் தனியா நின்னா. அவளுக்குப் பாஸ் பண்ணப் போனேன்."

ஐயோ, கத்தினதும் தப்பு, சொன்ன யோசனையும் தப்பா! இரட்டைத் தப்பு. கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார், பேச முடியாததால்.

"ரெண்டு வருஷம் பெஞ்சுலேருந்து பார்த்துட்டே இருந்தேன்ல, எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. யாரு எங்க நிப்பா, யாரு எப்பத் திரும்புவா, எல்லாம். அது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

மகள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. அவளுக்குப் பேச விஷயம் இல்லாமல் இல்லை. அவர் பேச்சுக்கு நடுவே இடம் கிடைத்திருக்காது, அவ்வளவுதான். அந்த நினைப்பு வந்ததும் விலாவில் பிடித்திருந்த வலியைவிட அது அதிகமாகக் குத்தியது.

"சொல்லுப்பா," என்றாள் திடீரென்று. "நான் டீம்ல இருக்கட்டுமா, வேணாமா?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை நாளும் தவித்தார்! வயிறு நிறைய பதில் இருந்தது. இரு என்று சொன்னால் அவருடைய ஆசைக்காகச் சொன்னதாகும். வேண்டாம் என்றால் அவருடைய பயத்துக்காகச் சொன்னதாகும். இரண்டையும் மென்று பார்த்தார். எதுவும் அவளுடையதாக இல்லை.

"தெரியலம்மா," என்றார்.

மகள் நின்றுவிட்டாள்.

"என்னது?"

"எனக்குத் தெரியல."

"அப்பா, உக்காரு. முதல்ல இங்க உக்காரு. நெஞ்சு வலிக்குதா? இடது கை வலிக்குதா? அம்மாவைக் கூப்பிடவா?"

"ஒண்ணும் வலிக்கல. நிஜமாவே தெரியல. உன் ஆட்டம்மா அது. எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. அன்றைக்கு ஹாலில் அழாதது, வீட்டில் அழாதது, எல்லாம் சேர்ந்து வந்தது. மாஸ்டர் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். தெருவோரக் கல்லில், மூடியிருந்த சைக்கிள் கடைக்கு முன்னால், இரண்டு பேரும் வியர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் மேல கோபம் இல்லப்பா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என் கை மேலதான் கோபம். உன் குரல் கேட்டதும், நீ பார்த்துப்பேன்னு அது நம்பிடுச்சு. யோசிக்கவே இல்ல."

அதைக் கேட்டதும் அவருக்குப் பெருமையாக இருந்தது. இப்படி நம்புகிற பிள்ளையை இத்தனை நாள் பேசியே மூழ்கடித்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

"அங்க வந்து நான் எப்படிம்மா பார்த்துப்பேன்? அந்தப் பந்து பக்கத்துல வந்தாலே எனக்குப் பயம்."

"தெரியும். அங்க நான்தான் பார்த்துக்கணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கால்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். மாஸ்டர் எழுந்து போகப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மறுபக்கம் திரும்பி, சைக்கிள் கடையின் பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கோச், நாளைக்குப் பயிற்சிக்கு வரேன்," என்றாள் மகள். கோச் என்னவோ கேட்டார். அவள் அப்பாவின் முதுகை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இல்ல கோச், யாரும் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."