நான்கு ஆண்டுகள் கழித்து அக்காவின் வயது

...ஆக மொத்தம் ஐந்து பேர்தான், இதற்கா இவ்வளவு பெரிய அறை, கமலவேணி இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தாள்: மேசையில் கண்காணிக்க வந்த ஷர்மிளா டீச்சர், சுவரோரம் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கும் இன்பராஜ், அவனுக்குப் பின்னால் அங்கன்வாடி உதவியாளர் கிறிஸ்டினா, இந்தப் பக்கம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் வேன் ஓட்டும் ஆபித் பாஷா, அப்புறம் அவள், ஆம்பூர்க்காரி, அறுபத்திரண்டு வயது, ஷூ கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் உழைத்துவிட்டு வீட்டில் இருப்பவள், இன்றைக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வர், கணக்குத் தேர்வு. மற்ற பெஞ்சுகளில் நம்பர் மட்டும் ஒட்டியிருந்தது, பணம் கட்டிவிட்டுப் பயந்துபோய் வராதவர்களின் நம்பர். வரட்டும் வராமல் போகட்டும், அவளுக்கென்ன. வாசலிலேயே ஆபித் பாஷா கேட்டான், இன்னாம்மா, பேரப் புள்ளைய வுட்டுட்டுப் போவ வந்தீங்களா என்று. நான்தான் எழுதப் போறேன், உனக்கு இன்னா பேஜாரு என்றாள். எனக்கு ஒரு பேஜாரும் இல்லம்மா, பக்கத்துல உக்காந்தா ரெண்டு கணக்கு மட்டும் காட்டுங்க, புண்ணியமாப் போவும் என்று சிரித்தான். காட்டுவதாவது... விடைத்தாளுக்கு இடது கையை அணைகட்டிக்கொண்டு கேள்வித்தாளை விரித்தாள். தம்பி மகேந்திரன் இப்போது ஆபீசில் இருப்பான், அவனுக்குத் தெரியாது, வீட்டில் யாருக்கும் தெரியாது, வேலூரில் வேலை இருக்கிறது என்று சொன்னாள், அது பொய் இல்லை, வேலைதான் இது.

மணிக்கு 60 கிலோமீட்டர் சீரான வேகத்தில் செல்லும் ஒரு பேருந்து 90 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்... சீரான வேகமா, எந்த ஊர் பஸ் அது, காலையில் அவள் ஏறிவந்த பஸ் மாதனூரில் நின்றது, பள்ளிகொண்டாவில் டிரைவர் இறங்கி டீயே குடித்தான், கண்டக்டரிடம் கேட்டதற்கு, ஏம்மா, பரீட்சைக்கா போற, கொஞ்சம் பொறு என்றான், ஆமாம் பரீட்சைக்குத்தான் போறேன் என்று ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள், அதற்கப்புறம் அவன் விசில் ஊதின வேகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒன்றரை மணி நேரம். எழுதினாள். கேள்வி போட்டவர் பஸ்ஸில் போகாதவராக இருக்கலாம், ஆனால் கேட்டது கேட்டபடி பதில் சொல்ல வேண்டும், அது அவளுக்குத் தெரியும், கேட்டதற்குப் பதில் சொல்வது ஒரு மரியாதை. அன்றைக்கு அந்தக் கோதண்டராமன் சார் கேட்டதும் அவளைத்தானே? கணியம்பாடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், மகேந்திரன் மகள் தீபலட்சுமியை, இவர் மாப்பிள்ளையின் அப்பா, ரிடையர்டு தலைமையாசிரியர், யாரைப் பார்த்தாலும் படிப்பைத்தான் விசாரிப்பார் போலிருக்கிறது, நீங்க எது வரைக்கும் படிச்சீங்கம்மா என்று கௌரவமாகத்தான் கேட்டார். ஏழாவது பாதி, அப்புறம் பீடி சுத்தினேன் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் மகேந்திரன் முந்திக்கொண்டான். எங்க அக்கா எட்டாவது பாஸ் சார், அந்தக் காலத்து எட்டாவது, இப்பத்து பி.ஏ.வுக்குச் சமம்! எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது வரைக்கும் சுட்டது. சம்பந்தி ஆகப்போகிறவர்கள் முன்னால் கூடப்பிறந்தவனைப் பொய்யன் ஆக்க முடியுமா, காபியை விழுங்கினாள், பொய்யையும் சேர்த்து.

இன்னா குறைச்சல் எனக்கு? மூன்று மாதமாக அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அக்கா படிக்காதவள் என்று சொல்ல அவனுக்கு வெட்கம், மின்வாரியத்தில் அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு வெட்கம் வரத்தானே செய்யும்... அந்த நாற்காலி எத்தனை கட்டு பீடியில் வந்தது என்று அவள் ஒருநாளும் வாயால் கேட்டவள் இல்லை, இனிமேலும் கேட்கமாட்டாள். கேட்டால் அவன் தலைகுனிவான், அதையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியவள் அவள்தான். அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். டிபன் கேரியரோடு ஒருநாள் வந்து நின்றான், அக்கா, நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லு, நாலு பேரு முன்னாடி வேணா திட்டு, இப்படி மூஞ்சியத் திருப்பாத என்றான், நீ ஒண்ணும் பண்ணல, போ என்று கேரியரை வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்குக் கூடத்தில் வைத்து வெளியாருக்குச் சொன்ன வார்த்தை, சொன்னது சொன்னதுதான், அதைத் திருத்த முடியாது, உண்மையாக்கத்தான் முடியும். கல்யாணத்துக்குள் சான்றிதழ் கைக்கு வந்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுத் தமிழினியின் பழைய புத்தகங்களை வாங்கி வந்து, அட்டை போட்டு, ஆறாவதிலிருந்து தொடங்கினாள். எல்லாம் வந்தது, அந்த வாழ்க்கைக் கணக்குகள்தான் கூட மல்லுக்கு நின்றன, கணக்கு தெரியாமல் இல்லை, வாழ்க்கை தெரிந்துபோனதால்.

இதோ இந்தப் பதினெட்டாவது கேள்வி மாதிரி. 12 பணியாளர்கள் ஒரு வேலையை 10 நாள்களில் முடிப்பர், அதே வேலையை 20 பணியாளர்கள் எத்தனை நாள்களில் முடிப்பர்... யாரிடம் கேட்கிறார்கள் இதை! ஷூ கம்பெனி மேனேஜர் நந்தகோபால் அப்படியே எழுந்துவந்து கேள்வித்தாளில் உட்கார்ந்துவிட்டாரா? அவள் தையல் லைனில் சரியாகப் பன்னிரண்டு பேர், அவசர ஆர்டர், பக்கத்து லைனிலிருந்து எட்டுப் பெண்களைக் கூட்டிவந்து நிறுத்தினார், கமலவேணி, ஆளு ஜாஸ்தி ஆச்சுல்ல, நாளு கம்மி ஆவணும், ஆறாவது நாள் லாரி ஏத்தணும் என்று போர்டிலும் எழுதிவிட்டுப் போனார். சார், தோல் ஓரத்தைச் சீவி மெலிசாக்குற மிஷின் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அது சீவிக் குடுத்தாத்தான் இவங்க தைக்க முடியும், மீதிப் பேரு கைய கட்டிக்கினு வரிசையில நிக்கவா என்று கேட்டாள், கேட்கவில்லை அவர். வந்த எட்டுப் பேருக்கும் அந்த மாடல் புதுசு, தையல் கோணிக்கொண்டு போனது, பிரித்துத் தைக்க இவர்கள் பன்னிரண்டு பேரில் நான்கு பேர் போனார்கள், கடைசியில் பதினோரு நாள் ஆனது. ஆறாவது நாள் காலையில் எல்லார் முன்னாலும் கத்தினார். போர்டுல எழுதுனா தோலு தானா சீவிக்குமா சார் என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள், மதியம் சாப்பாட்டில் அவளுக்கு மட்டும் ஆறு பேர் முட்டை வைத்தார்கள். சரி... இங்கே நந்தகோபால் ஜெயிக்க வேண்டியதுதான். ஆட்கள் கூடினால் நாள்கள் குறையும், எதிர்மாறல், பன்னிரண்டு பெருக்கல் பத்து வகுத்தல் இருபது, ஆறு நாள்கள். எழுதி அடிக்கோடு போட்டாள். மனசு கேட்கவில்லை. கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: சீவும் மிஷின் ஒன்று மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. மார்க்கைக் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும். அம்மா, பதினெட்டு ஆறா என்று காற்றுக்குச் சொல்வதுபோல ஆபித் பாஷா முனகினான், உன் தாளைப் பாருடா என்று இவளும் காற்றுக்கே சொன்னாள், பேசாதீங்க என்றார் ஷர்மிளா டீச்சர்.

அடுத்தது. ஓர் அக்காவின் வயது தம்பியின் வயதைப் போல் மூன்று மடங்கு. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அக்காவின் வயது தம்பியின் வயதைப் போல் இரண்டு மடங்காக இருக்கும். எனில் இருவரின் தற்போதைய வயது என்ன? பேனா நிற்கவே இல்லை, தம்பி நான்கு, அக்கா பன்னிரண்டு என்று அதுவாக எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் திடுக்கிட்டாள், எந்த வழியில் வந்தது இந்த விடை? வழி ஏது, அது அவளும் மகேந்திரனும்தானே, அப்பா தோல்ஷாப் சுண்ணாம்புக் குழியில் கால் புண்ணாகி வீட்டோடு உட்கார்ந்த வருஷம், அவளுக்குப் பன்னிரண்டு, அவனுக்கு நான்கு, புத்தகப் பை ஆணிக்குப் போனது, பீடி முறம் மடிக்கு வந்தது. ஆனால் வழிமுறை எழுதாவிட்டால் மார்க் இல்லை. தம்பியின் வயது x, அக்காவின் வயது 3x, நான்கு ஆண்டுகளுக்குப் பின் 3x + 4 = 2(x + 4), x = 4. சரிதான். சரிபார்த்தல் என்று தலைப்புப் போட்டாள், நான்கு ஆண்டுகளுக்குப் பின் அக்கா 16, தம்பி 8, பதினாறு என்பது எட்டின் இரண்டு மடங்கு. இப்படியே போனால் இருபத்துநாலும் பதினாறும், ஒன்றரை மடங்கு, இன்றைக்கு அறுபத்திரண்டும் ஐம்பத்துநாலும், மடங்கு தேய்ந்து ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, நடுவில் இருக்கிற எட்டு மட்டும் அப்படியே நிற்கிறது, தேயவே தேயாது... பதினாறும் எட்டும். பதினாறும் எட்டும் என்று இன்னொரு தரம் வாய்க்குள் சொன்னாள். அந்த வருஷம் ஒன்று நடந்ததே... கட்டில். கட்டிலுக்கு அடியில் மகேந்திரன் ஒளிந்துகிடக்கிறான், மூன்றாம் வகுப்பு, அம்மா விளக்குமாற்றோடு நிற்கிறாள், அவன் வரமாட்டேன் என்கிறான், அக்கா மட்டும் ஸ்கூலுக்குப் போவல, நானும் போவல, நானும் பீடி சுத்துறேன். அவள் முறத்தை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தாள். டேய், நான் இன்னா சும்மாவா நின்னேன், எட்டாவது பாஸ் பண்ணிட்டுத்தான் நின்னேன், நீயும் எட்டாவது முடி, அப்புறம் உன் இஷ்டம். நெஜமா? நெஜம். சத்தியம் பண்ணு. அவன் தலையில் கை வைத்தாள், புகையிலைத் தூள் ஒட்டிய கை, சத்தியம்டா என்றாள். அவன் வெளியே வந்தான்.

பேனா நின்றது. அப்படியானால்... அவன் எட்டாவது பாஸ் செய்த அன்றைக்கு ஓடிவந்தது கூட நினைவுக்கு வருகிறதே, படிப்புல உன்னப் புடிச்சுட்டேன்க்கா என்று கத்திக்கொண்டு, அவள் எதற்கு என்றே தெரியாமல் சிரித்து வைத்தாள், அவள் கம்பெனியில் சேர்ந்து ஒரு வாரம், களைப்பு, மறந்துவிட்டிருந்தாள், சொன்ன பொய் சொன்னவளுக்கு மறந்து, கேட்டவனுக்கு நினைவிருந்திருக்கிறது, நாற்பத்தாறு வருஷம். வெட்கப்படவில்லையா அவன்? பெருமையாகத்தான் சொன்னானா, அந்தக் காலத்து எட்டாவது என்று? மூன்று மாதம் அவன் முகத்தைப் பாராமல் இருந்தாளே, கேரியரைக் கழுவிக் கொடுத்தாளே... பொறு. அவள் ஓய்வுபெற்றபோது கம்பெனி விண்ணப்பத்தை எல்லாம் அவன்தானே உட்கார்ந்து நிரப்பினான், படிப்பு என்று ஒரு கட்டம் இருந்திருக்குமே, பழைய பள்ளிக்கூடக் காகிதம் அவனிடம் கொடுத்த பையில்தானே கிடந்தது, ஏழாம் வகுப்பு, பாதியில் நின்றார் என்று. பார்த்தானா, பார்க்கவில்லையா? பார்த்துவிட்டும் எட்டு என்றே எழுதினானா? அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். தெரியாமல் நம்புகிறவன் ஒருவன், தெரிந்தும் அக்காவின் சத்தியத்தைக் காப்பாற்றுகிறவன் ஒருவன், எவன் அன்றைக்கு அந்தக் கூடத்தில் பேசினான்? அவனைக் கேட்டால்தான் தெரியும், கேட்பதென்றால் தான் சொன்னது பொய் என்று முதலில் சொல்ல வேண்டும். கேள்வித்தாளின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, ஜன்னல் வெளிச்சம்தான் காரணம், கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். ஷர்மிளா டீச்சர் பக்கத்தில் வந்துவிட்டார், என்னம்மா, உடம்பு முடியலையா, வெளிய போய் உக்காருறீங்களா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க என்றார். வெளியேயா? எதற்கு? இத்தனை நேரம் தம்பி சொன்ன பொய்யை அடைக்க எழுதினாள், அதையே இவ்வளவு வீம்பாக எழுதினாள் என்றால், அவள் கை வைத்துச் சொன்ன வார்த்தைக்கு எப்படி எழுத வேண்டும்? இன்னும் ஐந்து கேள்வி இருக்குது டீச்சர் என்றாள்.

தேர்வு முடிந்த மறுநாளே ஆம்பூரில் ஒரு பேச்சு கிளம்பியது, ஷூ கம்பெனி கமலவேணி கணக்கு வராமல் பாதியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாளாம் என்று, அது மகேந்திரன் காது வரைக்கும் போனது. துடைத்தது கண்ணாடியை. எழுந்தது உண்மை. போகவில்லை. கொடுத்த தாள் முழுவதும் தீர்ந்துவிட்டது, கூடுதல் தாள் கேட்பதற்காக எழுந்தாள், ஷர்மிளா டீச்சர் கொடுத்தார், மணி அடிக்கிற வரைக்கும் எழுதினாள்.