குமிழி எழவில்லை

மாஸ்டர் தோ என்ற பிரபலம் வருகிறார் என்பதற்காக அன்று காலை எங்கள் சாம்பிள் அறையில் ஊதுபத்தி ஏற்றினார்கள். மின்சிகரெட் கம்பெனியில் ஊதுபத்திக்கு என்ன வேலை என்று கேட்டேன். "அவர் மூக்குக்கு அது பழக்கம்யா" என்றார் பாங் முதலாளி.

எங்கள் ஊர் ஷாஜிங்கில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு மின்சிகரெட் கம்பெனி வாசலில்தான் விழவேண்டும். எங்களுடையதும் அதில் ஒன்று. புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. புதிதாக நாங்கள் செய்த டாங்க், அதாவது மின்சிகரெட்டில் திரவம் நிற்கும் கண்ணாடிக் குப்பி, வாங்குகிறவரே சூடேறும் கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதற்குள் பஞ்சை நுழைத்து, பஞ்சின் இரு வால்களையும் திரவம் வரும் துளைகளில் விட்டுக்கொள்ளும் வகை. சோதனைக்கு அனுப்பிய அறுபதில் பதினொன்று திரும்பி வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே புகார்: இழுத்தால் தீய்ந்த துணி ருசி.

டாங்க்கை வரைந்தவள் கோங் ஷுயி. பதினொன்றையும் பிரித்துப் பார்த்து, 'பஞ்சு அதிகம், துளை அடைத்திருக்கிறது' என்று அரைப் பக்கம் எழுதியும் கொடுத்தாள். வரைந்தவளே சொன்னால் அது சாக்கு. வெளியிலிருந்து ஒருவர் சொன்னால் ஆய்வு. அதற்குத்தான் பஞ்சு வைப்பதில் பேரெடுத்த மாஸ்டர். டாங்க்தான் தப்பு என்று அவர் சொல்லிவிட்டால் அச்சு உடைபடும், ஷுயிக்கும் வேலை போகும். முதலாளி இதை மறைக்கவில்லை.

"மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிடும் ஷுயி. அதுவரைக்கும் மேஜையக் காலி பண்ணாத."

மாஸ்டர் வந்தார். கசங்கலுக்கென்றே தனிக்கூலி கொடுத்துத் தைத்தது போன்ற லினன் அங்கி, கழுத்தில் மரமணி மாலை, கையில் அரக்குப் பெட்டி. காணொளியில் நாலு லட்சம் பேர் அவரைப் பின்தொடர்கிறார்கள். எங்கே போகிறார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பெட்டியைத் திறந்தார். உள்ளே, பட்டுத்துணியின் மேல், அவர் பேர் போட்டு விற்கும் பஞ்சு.

"பஞ்சுக்கும் மூச்சு உண்டு" என்றார். பிறகு அது மூச்சு விடவே முடியாதபடி அதைக் கம்பிச் சுருளுக்குள் திணித்தார். வால்களை மடித்து, குத்தூசியால் குத்திக் குத்தித் துளைக்குள் அனுப்பினார். கல்யாண வீட்டு மெத்தைகூட அவ்வளவு பஞ்சு கண்டிருக்காது.

திரவம் ஊற்றி இழுத்தார். முதல் இழுப்பில் புகைமேகம். மூன்றாவதில் இருமல்.

"இந்த ஊர் ஈரக்காத்து ஒத்துக்கல" என்றார். பஞ்சை மாற்றினார், இந்தத் தடவை இன்னும் தாராளமாக. மறுபடி இருமல். "கம்பி வேற." கம்பியும் மாறியது, பஞ்சு மேலும் பருத்தது. இருமல் மட்டும் மாறவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொன்னார்:

"டாங்க்கோட தொண்டை குறுகல், பாங். பிறவிக் கோளாறு."

முதலாளி ஷுயியைப் பார்த்தார். அவள் டாங்க்கின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், நீங்க இழுக்கறப்ப உள்ள குமிழி எழுந்துச்சா? திரவம் எறங்கினா அந்த எடத்துக்குக் காத்து ஏறணும். ஒரு குமிழிகூட எழல. வழி அடைச்சிருக்கு."

"அம்மணி, நான் குமிழி பாக்கறவன் இல்ல. மேகம் பாக்கறவன்."

"அந்தப் பஞ்ச வெளிய எடுத்துப் பாக்கலாமா?"

"நான் வெச்ச பஞ்சுல இன்னொருத்தர் கை படக்கூடாது."

முதலாளி பெருமூச்சு விட்டார். அவர் தேநீருக்குப் பேர்போன சாவ்ஜோ ஊர்க்காரர். தேநீர் குடிக்காமல் ஆளைச் சேர்க்கவும் மாட்டார், அனுப்பவும் மாட்டார். தண்ணீரைக் கொதிக்க வைத்து, எலுமிச்சம்பழம் அளவுக் களிமண் தேநீர்க் குடுவையை எடுத்து மாஸ்டர் முன் வைத்தார். தன் குடுவையைப் பிறர் கையில் தருவது அவர் செய்யக்கூடிய உச்ச மரியாதை. பெண்டாட்டிகூட அதைத் தொட்டதில்லை.

முழு இலையைக் குடுவை மூக்கின் ஓரமாகவும் தூளை எதிர்ப் பக்கமாகவும் போடவேண்டும் என்பது சாவ்ஜோவில் குழந்தைக்கும் தெரியும். மாஸ்டர் தூளை மூக்குப் பக்கமே கொட்டி, கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். முதலாளியின் முகம், அவர் காலை யாரோ மிதித்ததுபோல் ஆயிற்று. வெந்நீர் ஊற்றிச் சாய்த்தார் மாஸ்டர்.

ஒரு சொட்டு. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

"யோவ், என்னய்யா பண்ணி வெச்சிருக்க!" முதலாளி குடுவையைப் பிடுங்கினார். மாஸ்டர் பட்டம் அதோடு போயிற்று. "மூக்குல தூள அடைச்சா எப்படிய்யா வரும்?"

"குடுவையோட தொண்டை குறுகலோ என்னவோ, முதலாளி" என்றாள் ஷுயி.

"முப்பது வருஷமா ஊத்தறேன், இதுக்கு என்ன கேடு? அடைச்ச கைக்கில்ல..."

அங்கே நின்றுவிட்டார். குடுவையைப் பார்த்தார். டாங்க்கைப் பார்த்தார். குடுவை மூக்கைக் குத்த எடுத்த ஊசியாலேயே டாங்க்கின் துளையிலிருந்து பஞ்சை இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார், தியானம்போல.

ஷுயி புதுப் பஞ்சு எடுத்தாள். சுருளுக்குள் லேசாக உரசிக்கொண்டு போகுமளவு நுழைத்தாள். வால்களைச் சீவிப் பாதியாக மெலிதாக்கி, துளையின் வாயில் மேலாகப் படியுமளவு மட்டும் விட்டு வெட்டினாள். முதலாளி இழுத்தார். கண்ணாடிக்குள் 'களக்' என்று ஒரு குமிழி எழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. பத்து இழுப்பு இழுத்தும் இருமவில்லை.

"இதத்தான் நான் சொல்ல வந்தேன்" என்று கண்ணைத் திறந்தார் மாஸ்டர். "வெறுமை."

மறுவாரம் 'வெறுமையின் பஞ்சு' என்று அவருடைய காணொளி வந்தது. கூடவே புதுச் சரக்கும்: பாதிப் பஞ்சு, இரண்டடுக்குப் பெட்டி, பழைய விலை.

ஷுயியின் மேஜை இருந்த இடத்திலேயே இருக்கிறது. டாங்க்கோடு போகும் குறிப்புத்தாளில் 'குமிழி எழாவிட்டால் பஞ்சைக் குறைக்கவும்' என்ற முதல் வரி அவளுடையது. பெட்டியின் மேல் மட்டும் 'மாஸ்டர் தோவின் வழிகாட்டுதலில்' என்று தங்க எழுத்தில் போடலாமா என்று முதலாளி அவளிடமே வந்து கேட்டார். தலையைச் சொறிந்துகொண்டுதான் கேட்டார்.

"போட்டுக்கங்க முதலாளி" என்றாள், நிமிராமலே. "பெட்டிய எப்படியும் குப்பையிலதான போடுவாங்க."