கட்டுத் தட்டில் வைத்த ஜெல்

வார்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். நாத்தனாரின் காலில் ஜெல் வைத்துக் கட்டியிருந்தார்கள். கையில் டிரிப்ஸ் இல்லை.

"சிஸ்டர், மருந்து இன்னும் ஏத்தலையா?"

"கட்டு மாத்திட்டுத்தானே டிரிப்ஸ் போடுவோம்? டியூபும் கையுமா இருந்தா காலைத் தூக்கிப் பிடிக்கிறது எப்படி? இங்க எப்பவும் அப்படித்தான்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஜெல்லைப் பஞ்சு, துணியோடு கட்டுத் தட்டில் வைத்து அனுப்பிய புத்திசாலிகள் லேபுக்காரர்களான நாங்கள்தான். கட்டுத் தட்டில் இருப்பதைக் கட்டும்போது வைக்காமல் வேறு எப்போது வைப்பார்கள்? வாயால் ஆயிரம் தடவை சொல்லியிருந்தோம், முதலில் மருந்து, பிறகு ஜெல் என்று. தட்டு வேறு மாதிரி சொல்லிவிட்டது.

நாத்தனாருக்குச் சர்க்கரை. பாதப் புண் ஆறவே இல்லை. கிருமிகள் ஒன்றாகச் சேர்ந்து, பிசுபிசுவென்று ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே சொகுசாக உட்கார்ந்திருந்தன. எந்த மருந்து ஏற்றினாலும் அந்தப் படலத்தைத் தாண்டவில்லை. எங்கள் ஜெல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அது பட்டால் கிருமிகள் படலத்தைக் கலைத்துக்கொண்டு வெளியே வரும். அப்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருக்கவேண்டும். இல்லையென்றால் வெளியே வந்தவை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் பரவலாம். லேபில் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் அவை அப்படி வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். சொந்த நாத்தனாரின் காலில் பார்க்கப் போகிறேன் என்று நினைக்கவில்லை.

"ஏண்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் அவர். தையல் கடை வைத்திருப்பவர்; நாக்கும் கத்தரிக்கோல்தான். "உன் ஜெல்லு சில்லுன்னு நல்லாத்தான் இருக்கு."

"கையைக் குடுங்க அண்ணி. சிஸ்டர், சீக்கிரம்!"

நரம்பு கிடைக்கவில்லை. முதல் ஊசி குத்திய இடம் வீங்கிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. நாத்தனார் எங்கள் இருவருக்கும் தைக்கத் தெரியவில்லை என்றார். சிரிப்பு வரவில்லை எனக்கு. புண்ணில் வைத்தவுடன் வேலையைத் தொடங்கிவிடும் ஜெல் அது. நடுவில் நிறுத்தச் சொன்னால் கேட்காது.

அந்த நேரம் பார்த்து அறுவை டாக்டர் வந்தார். வெள்ளிக்கிழமை காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தவர். எங்கள் ஜெல்லுக்கு அரைமனதாகத்தான் தலையாட்டியிருந்தார்.

"உடனே கழுவிடுங்க. கால் போனா போகட்டும், உயிர் முக்கியம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே அனுப்ப முடியாது. ஜெல்லைக் கழுவினால் பாதிப் படலம் அப்படியே நிற்கும், இன்னொரு தடவை முயல வெள்ளிக்கிழமை விடாது. இதைச் சொல்ல வாயெடுத்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தேன். தப்பாகப் போனால் கணவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

நாத்தனார் என் கையைப் பிடித்தார். "லேபுக்காரியாச் சொல்லாதே. என் தம்பி பொண்டாட்டியாச் சொல்லு. கழுவணுமா, வேண்டாமா?"

"வேண்டாம் அண்ணி. மருந்து மட்டும் ஏறிடணும்."

"அப்ப கழுவ வேணாம் டாக்டர். என் காலு, நான் சொல்றேன்."

டாக்டர் என்னை முறைத்தார். பிறகு கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கழுத்துப் பக்கம் தானே நரம்பு தேடினார். முதல் குத்திலேயே கிடைத்தது. மருந்து ஏறத் தொடங்கியபோது நாத்தனாரின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தன.

குளிர் ஜுரம். நான் பயந்தது வந்தேவிட்டது. கட்டில் ஆடியது. வாயாடிப் பெண்மணி பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் என்னைக் கொன்றது. திட்டுங்கள் அண்ணி, என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். சிஸ்டர் போர்வைமேல் போர்வையாகப் போர்த்தினாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மானிட்டரையே பார்த்திருந்தார். ரத்த அழுத்தம் இறங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கியது, அங்கேயே நின்றது. மதியத்துக்கு மேல் மெல்ல ஏறியது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் ஒரு சின்னக் கரண்டியால் புண்ணைச் சுரண்டினார். இதுவரை சுரண்டும்போதெல்லாம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று வரும், கீழே உயிரில்லாத சதை இருக்கும். இந்தத் தடவை பளிச்சென்று சிவப்பாக ரத்தம் கசிந்தது.

"ஐயோ, ரத்தம்!" என்று வார்டே அதிரக் கத்தினார் நாத்தனார். "பாவி, என் காலை என்னடி பண்ணி வச்ச?"

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "சிஸ்டர், வெள்ளிக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம்னு சொல்லிடுங்க."

நாத்தனார் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.