தெருவில் நீட்டிய பாவு

ஐந்து மாதமாக எங்கள் தெரு எங்களுக்கு இல்லை. பெரிய ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் எழும்பிய அடுக்குமாடி வீட்டுக்காரர்களின் கார்களுக்கெல்லாம் எங்கள் தெருதான் வழி. தறியில் ஏற்றும் முன் பாவு நீட்ட, நெசவுக்காரர்களான எங்களுக்கு வேறு இடம் ஏது? மூன்று சேலைக்கான பட்டிழையைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவிட வேண்டும். ஈரத்தோடு அவிழ்த்துப் போட்டுவைத்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் குப்பைதான்.

போன மாதம் அப்படி ஒரு பாவு போயிற்று. ஒரு புண்ணியவான், "ஆஸ்பத்திரி கேசும்மா" என்று கெஞ்சினான். நம்பி அவிழ்த்துவிட்டேன். கார் தாண்டிப் போகும்போது பார்த்தால், உள்ளே இரண்டு பிள்ளைகள் ஸ்கூல் பையோடு உட்கார்ந்திருக்கின்றன. நூல் கொடுக்கும் முதலாளி உதயகுமார், "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா என்கிட்ட வராத ஏலவார்குழலி" என்று சொல்லிவிட்டார். அவரை விட்டால் எங்களுக்கு நூல் கொடுக்க ஆளில்லை.

அதனால் நேற்று காலை, கஞ்சி தடவி முடிக்கும்போது ஒரு வெள்ளைக் கார் வந்து ஹாரன் அடித்தபோது, நான் திரும்பியே பார்க்கவில்லை. ஓட்டி வந்த பெரியவர் இறங்கி ஓடி வந்தார். "யம்மா, என் பொண்ணுக்கு வலி வந்துட்சிமா. கொஞ்சம் வழி வுடு."

"உங்களுக்குத் தினம் ஒரு வலி வருது. ஒரு மணி நேரம் ஆவும், போய் உக்காருங்க."

மறுமுனையைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் தினகரன் இழையை இன்னும் இழுத்துப் பிடித்தார். பின்னால் ஏழெட்டுக் கார் சேர்ந்துவிட்டது. அத்தனையும் ஹாரன். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இன்றைக்கு இந்த ஆளின் பொய்யைத் தெருவே பார்க்கட்டும் என்று போய்க் கார்க் கதவைத் திறந்தேன்.

பின் சீட்டில் ஒரு பெண் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சீட்டெல்லாம் ரத்தம்.

"ஏங்க, அவுத்துடுங்க."

"முதலாளி இன்னா சொல்வாரு?"

"எனக்குத் தெரியாதா? அவுருங்க."

அவிழ்த்துச் சுவரோரம் இழுத்துப் போட்டோம். வெள்ளைக் கார் போய்விட்டது. உடனே இழுத்துக் கட்டினால் பாதியாவது தேறும். அடுத்த காரின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். "ஒரே நிமிஷம்பா. இத்த எடுத்துக்குறோம்பா."

அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். என்னைச் சுற்றிச் சுவரோரமாகக் காரை ஒடித்து, பாவின் மேலேயே ஏற்றினான். அவன் பின்னால் அடுத்த கார். அதன் பின்னால் அடுத்தது. தினகரன் தன் முனையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு சக்கரம் ஏறும்போதும் ஓரடி முன்னால் இழுபட்டார்.

"வுட்டுடுங்க," என்று கத்தினேன்.

அவர் விடவில்லை.