பைக்கு வெளியே தொங்கிய சட்டைக் கை

1
இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமே இல்லை. கேட்டாள், சரி என்றுவிட்டேன்.

கேட்டவள் கீழ்வீட்டுக்காரி. கட்டுப் பல் செய்யும் கூடமொன்றில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவள். போன வாரம் படிக்கட்டில் என்னை மடக்கினாள். "எனக்கு நடந்ததை எழுதுங்களேன். ஆனா யார் மனசும் நோகக் கூடாது." ஒப்புக்கொண்ட வேலைகளே கழுத்துவரை இருந்தன. "அதுக்கென்ன" என்றது என் வாய். முடியாது என்று சொல்ல வராத அவள் நோயைச் சொல்ல அதே நோய்க்காரனைப் பிடித்திருக்கிறாள்.

2
முதல் தொடக்கம்: 'காலைச் சூரியன் அவள் ஜன்னல் வழியே...' (வேண்டாம். அந்த ஜன்னலுக்கு எதிரே வெறும் சுவர்.)

இரண்டாவது: 'அவள் ஒரு தியாகி.' (அவளே சொல்லிக்கொடுத்த வரி. அடித்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.)

மூன்றாவது, அலுத்துப்போய் எழுதியது: கூடத்தில் அவளுக்குச் 'சரியக்கா' என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் சரி என்பாள். மற்றவர்கள் பாதியில் விட்ட பல் செட்டெல்லாம் அவள் மேஜைக்கு வந்துசேரும். மெழுகில் ஒவ்வொரு பல்லாக வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். "போதும்மா, கடிக்கத்தானே பல்லு, கண்காட்சிக்கா?" என்பார் முதலாளி. "இன்னும் ஒரே தடவை பாத்துடறேன் சார்" என்பாள். கடைசியில் வலது கை மரத்துப்போய், ஒரு நாள் ஸ்பூன் விரலிலிருந்து தானாக நழுவியது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இரண்டு மாதம் வீட்டிலும் கைக்கு ஓய்வு வேண்டும் என்றார் மருத்துவர்.

வீட்டில் அப்பா இருந்தார். ஆறு வருடமாக அவளிடம்தான். வருடத்தில் இரண்டு மாதம் அண்ணன் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. பேச்சு பேச்சாகவே இருந்தது. இந்தத் தடவை நாள் குறித்தாகிவிட்டது: சனிக்கிழமை, காலை பத்து மணி.

3
ஒன்பதுக்கு அண்ணன் போன் செய்தான்.

"வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறோம்மா. அப்பாவுக்கு அந்த வாடை ஒத்துக்காதுன்னு உங்கண்ணி பயப்படறா. அடுத்த மாசம் கூட்டிக்கறேன். உனக்கு ஒண்ணும் சிரமமில்லையே?"*

"சிரமம்தாண்ணா."

"என்னது?"

"கை வேலை செய்யலை. என்னால முடியாது. இன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போ."

"பெத்த அப்பாவை முடியாதுங்கறியா?"

இந்த இடத்தில் அவள் நிமிர்ந்து நின்று, 'ஆறு வருஷம் நான்...' (இல்லை. இரண்டு முறை கேட்டேன். அழுதிருக்கிறாள். அழுதுகொண்டே, 'வெச்சிடறேன்' என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்திருக்கிறாள்.)

திரும்பினால் அப்பா. மூன்று முழத் தூரத்தில், மடியில் செய்தித்தாளோடு. காது நன்றாகக் கேட்கும் மனிதர்.

* முந்தைய வருடங்களில் சொன்னவை: மாமியாருக்குக் கால் முறிவு, பிள்ளைகளுக்குத் தேர்வு, லிப்ட் பழுது. அத்தனையும் உண்மை. அதனால்தான் சண்டை போட வழியில்லை.

4
"அப்பா என் தலையைத் தடவி, நல்லா சொன்னேம்மான்னு சொன்னார். அப்படி எழுதிடுங்க" என்றாள். நானும் எழுதினேன். படித்துப் பார்த்தால், அந்தக் கை யாருடைய கைபோலவும் இல்லை.

"உண்மையில என்ன சொன்னார்?"

படிக்கட்டுக் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். "தலையெல்லாம் தடவலை. பை எங்கன்னு கேட்டார்."

தானே அடுக்கினாராம். பனியனைக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைப்பவள் அவள். அவரோ சட்டைகளைச் சுருட்டித் திணித்தார். ஜிப்பை இழுத்தபோது நீலச் சட்டையின் கை ஒன்று மாட்டி வெளியே தொங்கியது. எல்லாவற்றையும் கொட்டி ஒழுங்காக அடுக்கித்தர அவளுக்குக் கை பரபரத்தது. சமையலறை வாசலில், கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். தன் வாழ்க்கையிலேயே கடினமான வேலை அதுதான் என்றாள். மிகைப்படுத்துகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பதினொன்றரைக்கு அண்ணன் வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். அப்பா இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பினார்.

"மூணாவது வருஷமே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

5
அன்று மூன்று மணிவரை தூங்கினாள். எழுந்து, பாத்திரத்திலிருந்தே ஆறிய சோற்றைத் தின்றாள். திங்களன்று கூடத்துக்குப் போய், தன் மேஜையில் கிடந்த மற்றவர்களின் செட்டுகளை அவரவர் மேஜையில் வைத்துவிட்டு, விடுப்புச் சீட்டைக் கொடுத்தாள். அவர்களில் ஒருத்தி இன்னும் அவளிடம் பேசுவதில்லை. அண்ணனும் பேசுவதில்லை. அப்பா தினமும் ஆறு மணிக்குப் போன் செய்து பெயின்ட் வாடையைத் திட்டுகிறார். விடுதலை என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. "அசதியாத்தான் இருக்கு. ஆனா இது என் அசதி" என்றாள். கை கொஞ்சம் தேவலை.

6
நேற்று கதையைப் படித்துக் காட்டினேன். அப்பா சொன்ன அந்த வரிக்குப் பக்கத்தில் 'அன்பாக' என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னாள். எந்தக் குரலில் சொன்னார் என்று கேட்டேன். மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினாள். ஒன்றில் குத்தல், ஒன்றில் வருத்தம், ஒன்றில் கனிவு. மூன்றுமே அவர் குரல்தான்.

"அன்பாகன்னு போட்டா என்ன குறைஞ்சிடும்? எனக்காக."

"முடியாதும்மா" என்றேன். முகம் சுருங்க அவள் இறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே ஓடிப்போய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்ல...

போகவில்லை.

அந்தப் பெரியவர் படியில் நின்று சொன்னதை நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்தக் குரலில் வருகிறதோ அதுதான் முடிவு. எனக்குப் பிடிக்குமா என்று பார்க்க வேண்டாம்.