எதிரில் உட்கார்ந்தவள்

“ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடுங்கப்பா. இல்லேன்னா சும்மா இருங்க. குழாயை எடுத்துடலாமா?”

அப்பா அவளைப் பார்த்தார். இமை அசையவில்லை. சரி, வேண்டாமென்கிறார் என்று அவள் மூச்சு விட்ட நேரம் பார்த்து இமை மூடித் திறந்தது.

“இது எந்தக் கேள்விக்குப்பா?”

காலையிலிருந்து இதே பேரம்தான். “நான் உங்க பொண்ணுதானே?” என்று சோதித்துப் பார்த்தாள், இமை அசையவில்லை. ஆத்திரத்தில் “நீங்க என்ன மரக்கட்டையா?” என்றாள். பளிச்சென்று ஆமாம் என்றார்.

பக்கவாதம் கண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தது. புத்தி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர், இரு தரப்பிலும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கும் தரகர் மாதிரி. இனி எழுந்திருக்க மாட்டார் என்பதில் மட்டும் டாக்டருக்குச் சந்தேகமே இல்லை. மூச்சுக்காகச் செருகிய குழாயை எடுத்தால் இன்று சாயங்காலம் வரை தாங்காது. எடுக்காவிட்டால் இப்படியே, எத்தனை மாதமானாலும்.

தொலைவிலிருந்து அண்ணன் போனில் ஒரே பிடியாக நின்றான். “அவரையே கேளு. நாமளா முடிவு பண்ணோம்னு இருக்கக் கூடாது. அப்புறம் எனக்கு ஜென்மத்துக்கும் தூக்கம் வராது.”

அவள் திரைச்சீலைக் கடைக்காரி. ‘சும்மா பாக்கலாம்னு வந்தோம்’ என்பவர்களின் கண் எந்தத் துணியில் ஒரு நொடி கூடுதலாகத் தங்கியது என்று பார்த்து, அவர்கள் மனதை மாற்றிக்கொள்வதற்குள் வெட்டி மடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். அந்த வித்தை இங்கே பலிக்கவில்லை.

மருந்து பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ் அப்பாவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். நடுவயதுக்காரி, வாய் ஓயாதவள்.

“ஏம்மா, இவரு அந்தப் பழைய பேய்ப் படத்துல வர்றவருதானே? பாத்தே ஆளைக் கொல்லுவாரே!”

“ஆமா.”

அப்பா லாரி ஓட்டுநர். வழியில் ஏறிக்கொண்ட ஒரு டைரக்டர், இரவெல்லாம் சாலையைப் பார்த்துப் பழகிய அந்தக் கண்ணைக் கண்டு மிரண்டு, தன் படத்தில் போட்டுவிட்டார். அந்த ஒரு படம்தான். பள்ளிக்கூடம் முடியும்வரை அவள் பெயர் ‘முழியன் மக’. படத்தை அவள் பார்த்ததே இல்லை.

“பாக்கலியா? அடக் கொடுமையே!” நர்ஸ் தன் போனைத் தேய்த்துக் கட்டிலோரம் நிறுத்தினாள்.

அடுத்தவர் மூளைக்குள் புகுந்து ஆட்டி வைக்கும் ஒருவனின் கதை. பறந்த நாற்காலியில் நூல் பளபளத்தது. கதவைச் சாத்தினால் சுவரே ஆடியது. கதையில் வந்த மூன்று வீடுகளுக்கும் ஒரே மாடிப்படி. பல நாள் கழித்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு அந்தக் காட்சி. மேஜைக்கு இந்தப் பக்கம் அப்பா, எதிரில் ஒரு பெண். ரத்தத்துக்கும் நெருப்புக்கும் காசில்லாததாலோ என்னவோ, கேமரா வேறு எங்கும் போகாமல் அங்கேயே நின்றது. இசைகூட இல்லை. அப்பா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். படம் பார்த்த மகளுக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது.

“எப்படி இருக்கு? இப்பக் கோடி கோடியாக் கொட்டி எடுக்கறானுங்களே, இதுல கால்வாசி பயம் வருதா?”

“மறுபடி போடுங்க சிஸ்டர்.”

இந்த முறை அந்தப் பெண்ணின் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். மீதி இருந்தது களைத்துப்போன ஒரு லாரி ஓட்டுநர். டீ வருமா என்று காத்திருப்பவர்போல இருந்தார். விரலை நகர்த்தி அப்பாவை மறைத்தாள். அந்தப் பெண்ணுக்கு உதடு காய்ந்தது, விரல் மேஜை விளிம்பைத் தேடியது. யாரும் கேட்காததை எல்லாம் தானே சொல்லி அழுதாள்.

“இவரு ஒண்ணுமே பண்ணலியே.”

“அதானேம்மா நடிப்பு!”

“இல்ல சிஸ்டர். எதிர்ல உக்காந்தவதான் எல்லாத்தையும் பண்றா.”

“என்னவோ போங்க. படம் பாத்துட்டு ஒரு வாரம் நான் பாத்ரூமுக்குத் தனியாப் போகல.”

நர்ஸ் போனபின் அவள் அப்பாவைப் பார்த்தாள். வேண்டாமென்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கண் வேண்டாமென்றது. போதுமென்று நினைத்துப் பார்த்தால் போதுமென்றது. அண்ணன் கூப்பிட்டான்.

“என்ன சொன்னாரு?”

“எடுத்துடச் சொன்னாரு.”

“தெளிவாவா?”

“ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் ஆமான்னாரு.”

வெயிலில் வெளுக்காது என்று சத்தியம் செய்து துணி விற்கும் அதே குரல். மறுமுனையில் அண்ணன் அழுதான். “அப்ப சரி. அவரே சொல்லிட்டா சரி” என்றான், திரும்பத் திரும்ப.

டாக்டரிடமும் அதையே சொன்னாள். குழாயை எடுத்தார்கள். அப்பாவின் மூச்சு கரகரத்தது.

நர்ஸ் நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டாள். “இங்க உக்காருங்கம்மா. உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்.”

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைமாட்டுக்குப் பின்னால், சுவரோரம் போட்டுக்கொண்டாள். அங்கிருந்து அப்பாவின் முகம் தெரியவில்லை. தலையணையில் நசுங்கிய நரைமுடியும் இரண்டு காதுகளும் தெரிந்தன. எதிர்ச்சுவர் தெரிந்தது. ஒரு சுவிட்சுப் பலகை, எதையும் மாட்டாத ஓர் ஆணி.

ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஆணியின் நிழல் சுவரில் நீண்டது.

நர்ஸ் வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் கை அவர் முகத்தின்மேல் போய் வந்தது. பின்னால் இருந்தவள் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.